ஏன் எனக்கு இப்படிச் செய்தீர்கள்?

பழிவாங்கும் படங்களில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. முதல் இருபது நிமிடத்துக்குள் நாயகனின் மனைவியையோ குழந்தையையோ தம்பியையோ கொன்றுவிடுவார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் வெறும் கணக்குத் தீர்ப்புதான். யார் கெட்டவன், யார் சாக வேண்டும், எந்த வரிசையில் சாக வேண்டும் என்பதெல்லாம் இடைவேளைக்கு முன்பே முடிவாகிவிடும். பார்ப்பவனுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

தென்கொரியாவின் 'எ பிட்டர்ஸ்வீட் லைஃப்' இந்த வகைக்குள் வருகிற படம்தான், ஆனால் இதில் நாயகனுக்குக் கணக்குத் தீர்க்க அப்படி எந்தச் சாவும் கிடையாது. அவனுக்குக் குடும்பமே இல்லை. அவன் நம்பி உழைத்த முதலாளி அவனை உயிரோடு புதைக்கச் சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான். குழியிலிருந்து எழுந்து வந்து, துப்பாக்கி தேடி, வழியில் பலரைக் கொன்று, வயிற்றில் கத்திக் குத்தோடு அந்த முதலாளி முன்னால் போய் நிற்கிறவன் உடனே சுடுவதில்லை. "சொல்லுங்கள், ஏன் எனக்கு இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கிறான். இந்தப் படத்தில் பழி என்பது ஒரு பதிலுக்கான அலைச்சல். எத்தனை தரம் பார்த்தாலும் என்னை இழுத்துப்பிடித்து உட்கார வைப்பது இதுதான், இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன், முடிவு உட்பட. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், இரண்டு மணி நேரப் படம்தான்.

2005 ஏப்ரலில் கொரியாவில் வெளியானது. அதே வருடம் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிட்டார்கள். இயக்கம் கிம் ஜி-வூன். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர், இதற்கு முந்தைய படமாக 2003இல் அக்கா தங்கை இருவரைச் சுற்றி ஒரு பேய்ப்படம் எடுத்திருந்தார். நாயகன் சன்-வூவாக லீ பியோங்-ஹன். 'ஸ்க்விட் கேம்' பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு முகமூடி ஃப்ரண்ட் மேன் என்றால் சட்டென்று தெரியும். அதில் முகத்தை மூடிவைத்திருந்த மனிதர் இதில் படம் முழுக்க முகத்தை வைத்தே வேலை செய்கிறார். அந்த முகத்தில் முக்கால்வாசி நேரம் ஒன்றுமே தெரியாது. கால்வாசி நேரம் தெரிவதுதான் படம்.

ஆரம்பமே ஒரு மரக்கிளை காற்றில் ஆடுவதுதான், கறுப்பு வெள்ளையில், கூடவே ஒரு குரல். ஆடுவது கிளையா காற்றா என்று சீடன் கேட்கிறான், இரண்டும் இல்லை, ஆடுவது உன் மனம் என்கிறார் குரு. இது கிம் ஜி-வூன் எழுதிய கதை இல்லை. போதிதர்மரிலிருந்து ஆறாவது குருவாகச் சொல்லப்படும் ஹுய்நெங்கின் பெயரில் ஜென் மரபில் நூற்றாண்டுகளாக இருக்கிற கதை, அங்கே கிளைக்குப் பதில் கொடி. முதல் தடவை கேட்கும்போது ஏதோ அழகுக்குச் சேர்த்த தத்துவம் மாதிரி இருக்கும். படம் முடியும்போது அது கதைச் சுருக்கமாகவே தெரியும்.

அடுத்தது ஓட்டலின் உச்சி மாடி லவுஞ்ச். சன்-வூ தனியாக உட்கார்ந்து ஒரு சாக்லேட் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, ஒரு சுருக்கம் இல்லை. ஊழியன் ஒருவன் வந்து கீழே தகராறு என்கிறான். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு வாய் எடுத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறான். அப்புறம் இறங்க ஆரம்பிக்கிறான். கேமரா பின்னாலேயே போகிறது. பளபளக்கும் தளங்கள், விருந்தினர்கள், ஊழியர்கள் நடமாடும் வழிகள், இப்படி இறங்கி இறங்கி அடித்தளத்தில் இருக்கும் ஒரு அறைக்கு வந்து சேர்கிறான். அங்கே வேறொரு கும்பலின் ஆட்கள் எழுந்து போக மறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று எண்ணுவதற்குள் கிளம்பச் சொல்கிறான். கிளம்பவில்லை. அடி விழுகிறது. சண்டை முடிந்ததும் அவன் சூட் ஏறக்குறைய முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது.

முதல் தடவை இதை ஒரு ஸ்டைலான அறிமுகக் காட்சி என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன், அதில் ஒன்றும் குறையில்லை, அப்படிப் பார்த்தாலே விசில் அடிக்கலாம். ஆனால் அந்த இறக்கத்தைக் கவனியுங்கள். மேலே இனிப்பு, கீழே அடிதடி. மேலே இருக்கிறவர்களுக்குக் கீழே நடப்பது கேட்காது. இரண்டுக்கும் நடுவே போய்வருகிற ஆள் ஒருவன்தான், இரண்டு இடத்திலும் ஒரே சூட்டில். தான் மேல்தளத்து ஆள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சம்பளம் கொடுப்பதோ கீழ்தள வேலைக்கு. இந்த வித்தியாசம் அவனுக்குப் புரிய இரண்டு மணி நேரமும் ஏகப்பட்ட ரத்தமும் ஆகிறது. அந்த லவுஞ்சின் பெயர் லா டோல்சே வீட்டா. கடைசிச் சண்டையும் அங்கேயேதான் நடக்கிறது.

முதலாளி பெயர் காங். நடித்திருப்பவர் கிம் யோங்-சோல். சாந்தமான முகம், சத்தம் போடாத குரல், ஒரு நல்ல குடும்பத் தலைவர் மாதிரி இருப்பார். சாப்பாட்டு மேஜையில் சன்-வூவிடம் தனக்கு இளம் காதலி ஒருத்தி இருப்பதைச் சொல்கிறார். அவளுக்கு வேறு ஒருவன் இருக்கிறானோ என்று சந்தேகம். மூன்று நாள் வெளிநாடு போகிறேன், நீ அவளைக் கவனித்துக்கொள், சந்தேகம் நிஜமென்றால் எனக்கு ஃபோன் பண்ணு அல்லது நீயே முடித்துவிடு என்கிறார். நீ எப்போதாவது காதலித்திருக்கிறாயா என்றும் கேட்கிறார். இல்லை. அதனால்தான் இந்த வேலைக்கு நீ சரி என்பது அவர் கணக்கு. இதை அவர் பாராட்டாகத்தான் சொல்கிறார், அவனும் பாராட்டாகத்தான் வாங்கிக்கொள்கிறான். ஒரு மனிதனுக்கு ஆசை என்று ஒன்றுமே இல்லாததை அவனுடைய தகுதியாக எடுத்துச்சொல்லுகிற இந்த இடம் எனக்குக் குழியில் தள்ளும் காட்சியைவிடப் பயங்கரமாகத் தெரிகிறது.

அந்தப் பெண் ஹி-சூ, செல்லோ வாசிக்கிறவள். ஷின் மின்-ஆ நடித்திருக்கிறார், 2021இல் 'ஹோம்டவுன் சா-சா-சா' தொடரில் பல் மருத்துவராக வந்தாரே, அவர்தான், பதினாறு வருடம் இளையவராக. சன்-வூ அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறான், கூட இருந்து சாப்பிடுகிறான், ஒத்திகை நடக்கும் ஸ்டுடியோவில் ஓரமாக உட்கார்ந்து அவள் வாசிப்பதைப் பார்க்கிறான். அப்போது அவன் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போகிறது. அவ்வளவுதான். தொடுதல் கிடையாது, காதல் வசனம் கிடையாது, கனவுப் பாட்டு கிடையாது.

சந்தேகம் நிஜம்தான். அவளுக்கு ஒரு காதலன் இருக்கிறான், அவள் வீட்டிலேயே கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறான் சன்-வூ. அடிக்கிறான். காங்குக்கு ஃபோன் போட எடுக்கிறான். போடாமல் மூடிவிடுகிறான். இனி நீங்கள் இருவரும் சந்திக்கக் கூடாது, நடந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி விட்டுவிடுகிறான். இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டோம், முதலாளிக்கும் தலைவலி இல்லை, எல்லாருக்கும் நல்லது என்பது அவன் எண்ணம். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு நன்றியெல்லாம் இல்லை. ஒருவனைக் கண்முன்னே அடித்து உதைத்துவிட்டு மறந்துவிடு என்றால் யார் மறப்பார்கள்?

ஏன் விட்டான் என்பதைப் படம் சொல்வதே இல்லை. இந்த இடத்தில் 2007இல் இந்தியில் வந்த 'ஆவாரபன்' படத்தைச் சொல்ல வேண்டும். இதே கதையின் எலும்புக்கூடு. ஹாங்காங்கில் முதலாளி, அவருக்கு ஒரு பெண், அவளைக் கண்காணிக்கும் அடியாளாக இம்ரான் ஹாஷ்மி. அங்கே நாயகனுக்குச் செத்துப்போன ஒரு பழைய காதலி உண்டு, நம்ம ஸ்ரேயா சரண்தான். அந்தக் காதலின் நினைவு அவனை இளக வைத்து இந்தப் பெண்ணைக் காப்பாற்ற வைக்கிறது. பாட்டெல்லாம் நன்றாக இருக்கும், எனக்கு அந்தப் படம்மேல் கோபம் இல்லை. ஆனால் காரணம் ஒன்றைக் கொடுத்ததுமே கதையின் உயிர் போய்விட்டது. இந்தியில் அவன் செய்வது ஒரு நல்ல காரியம், எதற்காகச் செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்த காரியம். கொரிய மூலத்தில் சன்-வூவுக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியாது. அதற்காகத்தான் சாகிறான். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்.

சரி, முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. இதற்கு இணையாக இன்னொரு திரி எரிந்துகொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் அடிவாங்கிய ஆட்கள் பேக் என்பவனின் ஆட்கள். சண்டையை மறக்க வேண்டுமென்றால் மன்னிப்புக் கேள் என்று ஆள் வருகிறது. வந்தவன் மிகச் சாதாரணமாகப் பேசுகிறான். கொரிய மொழியில் நான்கே அசை, தப்புதான் என்று சொல்லிவிடு, எல்லாம் முடிந்துவிடும் என்கிறான். சன்-வூ சொல்ல மறுக்கிறான், ரொம்ப அலட்சியமாக. அவன் நினைப்பில் அவன் பின்னால் ஒரு முதலாளியும் ஒரு பெரிய ஓட்டலும் நிற்கின்றன. பேக்கின் ஆட்கள் தூக்கிப்போய்த் தொங்கவிட்டு அடிக்கும்போதுகூட, நம்ம ஆட்கள் வருவார்கள் என்ற நினைப்பில் இருக்கிறான். வருகிறார்கள். அவனைக் கைமாற்றி வாங்கிக்கொண்டு போய் இன்னும் மோசமாக அடிப்பதற்காக.

விசுவாசம் என்று கேங்ஸ்டர் படங்களில் பேசுவதை இந்தப் படம் எந்த இடத்தில் உடைக்கிறதோ அது இந்த இடம்தான். நம்ம ஊர்ப் படங்களில் 'அண்ணன்' என்று கூப்பிடுவது மாதிரி அங்கே ரௌடிகள் மூத்தவனை 'ஹ்யோங்நிம்' என்று கூப்பிடுவார்கள், 2000களின் தொடக்கத்தில் கொரியாவில் வந்த ரௌடிப் படங்களில் பாதி இந்த அண்ணன் தம்பி உறவின் பெருமையைத்தான் பாடின. கிம் ஜி-வூன் அந்த உறவை ஒரு வேலை ஒப்பந்தமாகக் காட்டுகிறார், அதுவும் ஒரு பக்கம் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். சன்-வூ ஏழு வருடம் அவரிடம் உழைத்தவன். சக அடியாள் முன்-சோக் அவன்மேல் பொறாமையோடு அலைகிறவன், வேலைக்குச் சரியாக வராதவன், சன்-வூவின் கையை உடைக்கும் பொறுப்பு அவனுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஏழு வருடத்தில் ஒரு தடவை சொந்தமாக ஒரு முடிவு எடுத்தவன் இந்தப் பக்கம், ஒரு நாளும் ஒழுங்காக வேலை செய்யாதவன் அந்தப் பக்கம். முதலாளிக்கு இரண்டாமவன் போதும். சன்-வூவுக்காகக் கடைசிவரை ஏதாவது செய்கிற ஒரே ஆள் மின்-கி என்கிற ஒரு இளைஞன், அவன் கேட்டுச் செய்வதில்லை, பிடித்துப்போய்ச் செய்கிறான்.

மழை, சேறு, குழி. மண்ணுக்குள்ளிருந்து அவன் கை வெளியே வருகிற காட்சியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது காங் அவனிடம் கேட்கிற கேள்வி. ஏன் எனக்கு ஃபோன் பண்ணவில்லை? அந்தப் பெண்தான் காரணமா? ஒரு பதில் சொன்னால் விட்டுவிடுவார் போலத்தான் இருக்கிறது. ஆம் என்றோ இல்லை என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று நமக்குப் பதறுகிறது. அவனால் முடியவில்லை. அவனிடம் பதில் இல்லை. ஆக, படத்தில் முதலில் 'ஏன்' என்று கேட்டவர் முதலாளிதான். பிற்பாதியில் சன்-வூ அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கப் போகிறான், அவரிடமும் பதில் இருக்கப்போவதில்லை.

பாழடைந்த ஒரு கட்டடத்தில் எரியும் கட்டைகளை வீசி அவன் தப்பிக்கிற சண்டை நீளமானது, அசிங்கமானது, முதல் சண்டையின் நேர்த்திக்கு நேர் எதிர். ஒரு கை நசுங்கிய மனிதன் அத்தனை பேரைச் சமாளிப்பதை நம்ப முடியாது என்று சொல்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை, நம்ப முடியாதுதான். ஆனால் சண்டையில் அவனுக்கு வலிக்கிறது, எதிராளிக்கும் வலிக்கிறது, கேமராவுக்கும் மூச்சிரைக்கிறது. அது போதும் எனக்கு.

இதற்குப் பிறகு வருகிற துப்பாக்கிப் பகுதி பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கொரிய நிலைமை தெரியாமல் பார்த்தால் இது என்னமோ தேவையில்லாத இழுவை மாதிரி இருக்கும். தென்கொரியாவில் தனிமனிதர் துப்பாக்கி வைத்துக்கொள்வது ஏறக்குறைய நடக்காத காரியம். வேட்டைக்கு உரிமம் வாங்கினவர்கள்கூடத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில்தான் வைத்துவிட்டு வர வேண்டும். அதனால்தான் அங்கே ரௌடிப் படங்களில் கத்தி, இரும்புக் குழாய், பேஸ்பால் மட்டை. இந்தப் படத்திலும் முதல் பாதி முழுக்க அதுதான். அமெரிக்கப் படத்தில் நாயகன் அலமாரியைத் திறந்தால் துப்பாக்கி இருக்கும், சியோலில் அதை வாங்குவதே ஒரு தனிக் கதை. தெரிந்தவர் பேரைச் சொல்லி உள்ளே போக வேண்டும், பேசும் விதம் சரியாக இருக்க வேண்டும், விற்பவனுக்கு நம்பிக்கை வர வேண்டும்.

சன்-வூ ஒரு பொய்ப் பேரைப் பிடித்துக்கொண்டு போகிறான். விற்பவன் கைத்துப்பாக்கியைப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டிச் சேர்க்கவும் சொல்லிக்கொடுக்கிறான். நடுவே சந்தேகம் வந்து, சொன்ன பேர் நிஜமா என்று ஃபோனில் விசாரிக்கிறான். பொய் என்று தெரிந்துவிடுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மேஜைமேல் இரண்டு துப்பாக்கி, இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. அப்புறம் நடப்பது இரண்டு பேர் தலைகுனிந்து இரும்புத் துண்டுகளைக் கோத்துக்கொண்டிருக்கும் ஒரு காட்சி, அவ்வளவுதான், இசை இல்லை, ஓட்டம் இல்லை, விரல்களும் கிளிக் கிளிக் சத்தமும். ஒருவன் ஆண்டுக்கணக்கில் இந்தத் தொழிலில் இருப்பவன். மற்றவன் கை உடைந்தவன். யார் முதலில் முடிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நெஞ்சு அடிக்கும். கேங்ஸ்டர் படங்களில் நான் பார்த்த துப்பாக்கிச் சண்டைகளில் மிகச் சிறந்தது துப்பாக்கி தயாராவதற்கு முன்பே நடக்கிற இந்தச் சண்டைதான் என்பேன். இந்தக் கொலையைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செத்தவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

இந்த ஆயுதத் தரகர்களின் பகுதியில் வருகிற நகைச்சுவை எனக்கு ஒட்டவில்லை. உடைந்த கையும் செத்த கண்ணுமாக ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் சிரிப்புக் காட்டுகிறார்கள். சிலருக்கு அது பிடித்திருக்கிறது, மூச்சுவிட இடம் கொடுக்கிறது என்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் மூச்சு வேண்டாம்.

அடுத்தது பேக். ஹ்வாங் ஜங்-மின். இப்போது கொரியாவின் பெரிய நட்சத்திரம், அப்போது அவ்வளவு பேர் அறியாதவர். அதே 2005இல் இன்னொரு படத்தில் எய்ட்ஸ் கிருமி தொற்றிய மனைவியைக் கைவிடாத வெள்ளந்திக் கிராமத்து ஆளாக நடித்து எல்லாரையும் அழவைத்தார். இங்கே முகத்தில் தழும்போடு, இளித்துக்கொண்டே பேசுகிற ஒரு ஈனன். அந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மனிதர் என்று நம்புவது கஷ்டம். ஐஸ் சறுக்கு மைதானத்தில் சன்-வூ துப்பாக்கியோடு வருகிறான், பேக் பேசிக்கொண்டே அருகில் வந்து கத்தியை வயிற்றில் இறக்கிவிடுகிறான். வாழ்க்கை என்றால் வலிதான், தெரியாதா உனக்கு என்று ஏதோ பாடம் எடுப்பதுபோல் பேச்சு வேறு. சன்-வூ சுட்டுவிடுகிறான். ஆனால் குத்து விழுந்துவிட்டது. அவன் இனி பிழைக்கமாட்டான் என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதற்கு மேலும் அவன் ஓட்டலுக்குப் போகிறான் என்றால் அது காங்கைக் கொல்வதற்கு மட்டும் இல்லை.

உச்சி மாடி லவுஞ்ச். காங், சுற்றிலும் ஆட்கள். சன்-வூ துப்பாக்கியை நீட்டியபடி, கட்டுப்போட்ட வயிற்றிலிருந்து ரத்தம் கசிய, அந்தக் கேள்வியைக் கேட்கிறான். காங் சொல்லும் பதில் கொரியாவில் இன்றைக்கும் ஆளாளுக்குச் சொல்லித் திரிகிற வசனமாகிவிட்டது. நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்கிறார். சன்-வூ ஏற்றுக்கொள்வதில்லை. அது வேண்டாம், நிஜத்தைச் சொல்லுங்கள் என்கிறான். ஏழு வருடம் உங்களிடம் நாய் மாதிரி உழைத்தேனே, என்னை நிஜமாகவே கொல்லத்தான் நினைத்தீர்களா என்கிறான். இவ்வளவு நேரம் இறுகிக்கிடந்த அந்த முகம் இங்கேதான் உடைகிறது. கோபமெல்லாம் கரைந்து, தப்பே செய்யாமல் அடிவாங்கிய பையன் அப்பாவைப் பார்த்துக் கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது குரல். லீ பியோங்-ஹன்னின் மொத்த வேலையில் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் முதலில் வைப்பேன்.

அவருக்கும் பதில் தெரியாது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தன் காதலி இன்னொருவனோடு இருந்ததைவிடத் தன் அடியாள் அவளைப் பார்த்துச் சிரித்தது அவருக்கு ஏன் அப்படி வலித்தது? ஆசையே இல்லாதவன் என்று சொல்லிப் பெருமைப்பட்ட ஆளுக்கு ஆசை வந்துவிட்டதே என்பதாலா? தன்னைவிட இளையவன், அழகன் என்பதாலா? ஒரு ஃபோன் வராததற்காக நம்பகமான ஒரே ஆளை இழந்து, பாதிக் கும்பலை இழந்து, உயிரையும் இழக்கிறார். ஒரு சின்ன சலனம் இரண்டு ஆண்களின் மனதிலும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது, இருவருக்குமே அதைப் பேசத் தெரியவில்லை. பேசத் தெரியாதவர்கள் கையில் ஆட்களும் ஆயுதமும் இருந்தால் என்ன ஆகுமோ அது ஆகிறது. ஆரம்பத்தில் கிளையைப் பற்றிச் சொன்ன அந்தக் குரு இதைத்தான் சொன்னார்.

படத்தின் அழகைப் பற்றி வாய் வலிக்கப் பேசுகிறார்கள், ஒளிப்பதிவு கிம் ஜி-யோங், எல்லாச் சட்டகமும் பளிங்கு மாதிரி இருக்கும். வெறும் பகட்டு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த நேர்த்தி சன்-வூவின் மனநிலையாகவே தெரிகிறது. முதல் பாதியில் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி, கோடு கோடாக, இருளும் வெளிச்சமும் அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. அவன் வீட்டில் ஒரு மேஜை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான், தன் கட்டுப்பாட்டில் இருக்கிற ஒரே விஷயம் அதுதான் என்பதுபோல. புதைத்த பிறகு அந்தச் சுத்தம் திரும்பி வருவதே இல்லை. சேறு, எண்ணெய், ரத்தம், உடைந்த கண்ணாடி. கடைசியில் அவன் மறுபடி சூட் போட்டுக்கொண்டு அதே லவுஞ்சுக்குத்தான் வருகிறான், ஆனால் சட்டை சிவப்பாகிக்கொண்டே போகிறது.

எனக்கு இருக்கிற பெரிய குறை ஹி-சூ. எல்லாம் அவளைச் சுற்றி நடக்கிறது, ஆனால் அவள் யார் என்று நமக்கு அதிகம் தெரியாது. வயதான ஒரு ரௌடியோடு ஏன் இருக்கிறாள், அந்தப் பையனை நிஜமாக விரும்பினாளா, பயந்தாளா, ஒன்றும் கிடையாது. சன்-வூவின் கண் வழியாகத்தான் அவளைப் பார்க்கிறோம், அவனுக்கே அவளைத் தெரியாது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம், நானும் சொல்லிப் பார்த்தேன். அரைமனதாகத்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது. கூடுதலாக ஐந்து நிமிடம் அவளுக்குக் கொடுத்திருந்தால் படம் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

சாகும் நேரத்தில் சன்-வூ அவளுக்கு ஃபோன் போடுகிறான். அவள் குரல் கேட்கிறது. அவன் பேசவில்லை. ஸ்டுடியோவில் அவள் வாசித்தது மறுபடி ஓடுகிறது, இப்போது முழுதாக. அதற்கப்புறம் குருவும் சீடனும் திரும்ப வருகிறார்கள், இனிய கனவு கண்டு எழுந்து அழுகிற சீடன், ஏன் அழுகிறாய் என்றால் அந்தக் கனவு நிறைவேறாது என்பதால் என்கிறான். கூடவே சன்-வூ கண்ணாடி ஜன்னல் முன்னால், சியோலின் விளக்குகளுக்கு எதிரில், தன் பிம்பத்தோடு விளையாட்டாகக் குத்துச்சண்டை போடுகிற காட்சி. இதை வைத்து முழுப் படமும் கனவு, லவுஞ்சில் உட்கார்ந்து அவன் கண்ட கனவு என்று ஒரு கட்சி ரொம்ப வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை. எல்லாம் கனவென்றால் அந்தக் கை உடைந்ததற்கும் அந்தக் கேள்விக்கும் விலை என்ன? அது நடந்த கதைதான், அவன் கண்ணாடியில் குத்துவிட்டது அதற்கு முன்பு எப்போதோ, தன்னை யாரும் தொட முடியாது என்று நினைத்திருந்த ஒரு ராத்திரியில்.

கனவுக் கட்சிக்காரர்கள் அதிகம் பேசாத ஒருவன் இருக்கிறான். சன்-வூவைக் கடைசியாகச் சுடுகிறவன். ஆயுதத் தரகனின் தம்பி, எரிக் முன் நடித்தது, ஷின்ஹ்வா பாட்டுக் குழுவின் பாடகர். படம் முழுக்க அவன் பேசுகிற வசனம் மிகச் சொற்பம். இவ்வளவு பேர் செத்து விழுந்த அந்த ஓட்டலில், எதற்காகச் சுடுகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், தன் அண்ணனைக் கொன்றவனைத் தேடி வந்திருக்கிறான். வேறு எந்தப் பழிவாங்கும் படத்திலும் அவன்தான் நாயகனாக இருப்பான், நாம் அவன் பக்கம் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்போம். இங்கே அவன் உள்ளே வரும்போது, தயவுசெய்து திரும்பிப் போய்விடு என்று வேண்டத் தோன்றுகிறது. அவனிடம் சன்-வூ எதுவும் கேட்பதில்லை.